அன்பார்ந்த இறைமக்களே என்று தொடங்கிய பின்னேரம்

கோயில் ஒலிபெருக்கியின் மைக் என் கையில் இருந்தது. சுவிட்ச் போட்டாயிற்று. பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கும் எரிந்தது. வெளியே கூரைத் தகடு ஒன்று கழன்று காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்கோ தங்கச்சி," என்றார் சந்தியோகு அண்ணை. எங்கள் கோயிலில் மணியடித்து, பீடம் துடைத்து, மெழுகுதிரி கொளுத்துகிற சங்கிலித்தாம் அவர்தான்.

வாயைத் திறந்தேன். வெறும் மூச்சுத்தான் வந்தது. அந்த மூச்சும் புஸ் புஸ் என்று ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

கடலில் என் கணவர் தாஸ் நின்றார். அவரோடு தொழிலுக்குப் போகும் றெஜியும் நின்றான். எஞ்சின் நின்றுபோன வள்ளம், பழைய நங்கூரக் கயிறு. அந்தக் கயிறு அறுந்தால் வாடைக் காற்று இரண்டு பேரையும் நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். பொழுது படுவதற்குள் யாராவது போயாக வேண்டும். ஊரைக் கரைக்குக் கூப்பிடத்தான் மைக்கைத் தந்திருக்கிறார்கள். நானோ கல்லாய்ச் சமைந்து நிற்கிறேன்.

வெட்கக்கேடு! வீட்டில் நான் தாஸோடு சண்டை பிடித்தால் அது மூன்று வளவு தாண்டிக் கேட்கும் என்று மாமியே சொல்லுவா. மீன் ஏலத்தில் என் வாய்க்குப் பயந்து விலகி நிற்கும் வியாபாரிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆனால் மைக் என்று ஒன்றைக் கையில் தந்தால், அந்த வாய் எங்கே போய் ஒளிக்குமோ தெரியாது.

பயமில்லை என்று யார் சொன்னது?

போன கிழமை இந்தப் பத்தியில் என் கலியாணக் கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதை வாசித்துவிட்டு ஓர் அம்மா போன் எடுத்தா. என் கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"நீங்கள் மகளிர் தினக் கூட்டத்தில கதைச்சதைக் கேட்டனான். ஒரு பயமில்லாமல் என்ன மாதிரிக் கதைக்கிறீங்கள்! என்ர மகள் மேடை எண்டாலே காய்ச்சல் எண்டு படுத்திடுறாள். என்ன செய்யலாம் சொல்லுங்கோ."

"பயமில்லை எண்டு ஆரம்மா உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டேன். அவ நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தா. பகிடி இல்லை. அந்தக் கூட்டத்தில் நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம், மேசையை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதுதான்.

ஆகவே இந்தக் கிழமை அந்த அம்மாவுக்கும் மகளுக்கும். மைக்கோடு நிற்கிற என்னைக் கொஞ்சநேரம் அப்படியே நிற்கவிட்டு, பழைய கதை கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பினார்கள். நல்ல குரல் என்று ஆசிரியர்களுக்கு ஒரு நினைப்பு. தலைப்பு, தண்ணீரின் பெருமை. கண்ணாடிக்கு முன்னால் நின்று அச்சொட்டாகப் பாடமாக்கினேன். மேடையில் ஏறி, "மதிப்புக்குரிய நடுவர் அவர்களே" என்றேன். அதற்குப் பிறகு தண்ணீர் வற்றிவிட்டது.

நடுவராக இருந்தவ நல்ல மனுசி. தலையை ஆட்டி ஆட்டி உற்சாகப்படுத்தினா. அதைப் பார்த்துத் தைரியம் வந்து, திரும்பவும் "மதிப்புக்குரிய நடுவர் அவர்களே" என்றேன். பிறகு இன்னொரு தரமும் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். இறங்கி ஓடிக் கிணற்றடியில் போய்ச் சத்தி எடுத்தேன். அன்றைக்கே மேடைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

தாள் கையில் இருந்தால்

கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த பிறகு, பாதர் என்னைப் பூசையில் வேதாகம வாசகம் வாசிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். "கதைக்கச் சொல்லேல்லை, வாசிக்கத்தானே சொல்லுறன்," என்றார்.

வாசித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. கையில் தாள் இருந்தால் எனக்குப் பயம் இல்லை. ஆட்களைப் பார்க்கத் தேவையில்லை. எழுத்தைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு வசனத்தையும் இழுத்து, கடைசியில் மெல்ல இறக்கி, இடைவெளி விட்டு வாசிப்பேன். அதற்கென்று எனக்கு ஒரு தனிக் குரல் வந்துவிட்டது. ஊரில் அதை 'வாசகக் குரல்' என்பார்கள்.

தாஸ் அதை வைத்தே என்னை வாட்டி எடுப்பார். சாப்பாட்டில் குறை என்றால் கையை விரித்து, கண்ணை மூடி, "சகோதரி மெற்றில்டாவே, இந்தக் கறியில் உப்பில்லையே," என்று இழுப்பார். நான் அகப்பையை எடுப்பேன்.

அந்தக் குரலுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஊரில் யாராவது மோசம் போனால் சந்தியோகு அண்ணை மணியை விட்டு விட்டு அடிப்பார். நான் மைக்கில் அறிவித்தல் வாசிப்பேன். எப்போதும் ஒரே மாதிரித்தான். "அன்பார்ந்த இறைமக்களே" என்று தொடங்கும். செத்தவரின் பெயர் வரும். "என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகின்றோம்" என்று முடியும்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த அறிவித்தல் கேட்டால், தண்ணீரில் இறக்கிய வள்ளத்தையும் திரும்ப மேலே இழுத்துவிடுவார்கள். அடக்கம் முடியுமட்டும் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. செத்தவர் சொந்தமோ பகையோ, அது வேறு கதை. வள்ளம் கரை ஏறிவிடும். இது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது, நான் யாரிடமும் கேட்டதும் இல்லை.

பூசணிக்காய்கள்

நான் மகளிர் சங்கத்துக்குச் செயலாளராக வந்த பிறகு, மன்னார் டவுனில் எங்களுக்குப் பேச்சுப் பயிற்சி நடத்தினார்கள். பயிற்சி தர வந்த தம்பி கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பாவம், வேர்த்து ஒழுகியது. சிரித்த முகத்தோடு நில்லுங்கள், கையை ஆட்டுங்கள், பெரியவர்கள் சொன்ன பொன்மொழி ஒன்றோடு தொடங்குங்கள் என்றெல்லாம் சொன்னார். பயம் வந்தால் எதிரே இருப்பவர்களைப் பூசணிக்காய் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

என் முறை வந்தது. எங்கள் சங்கத்துப் பெண்களைப் பூசணிக்காய்களாக நினைத்துப் பார்த்தேன். எல்லாப் பூசணிக்காயும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் பயம் கூடியது.

அந்த நேரம் பார்த்து யன்னலடியில் நின்ற கழுதை ஒன்று அடிவயிற்றிலிருந்து கத்தத் தொடங்கியது. மன்னாரில் கழுதை இல்லாத யன்னல் எது? அது கத்தி முடிக்குமட்டும் எல்லாரும் காத்திருந்தோம். முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒருத்தி, "அது நல்லாக் கதைச்சுது, இனி நீங்கள் கதையுங்கோ அக்கா," என்றாள். அதோடு பயிற்சி முடிந்தது, எனக்கு மட்டும்.

இதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. ஐஸ் பெட்டிகள் கேட்டு அதிகாரி ஒருவரை ஊருக்கு அழைத்திருந்தோம். பெரியமடுப் பக்கத்து மனிதர், இந்து, நல்ல மரியாதைக்காரர். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வாசித்தேன். தாள் இருந்தபடியால் தடங்கல் இல்லை. ஆனால் வாசிக்க வாசிக்க வாசகக் குரல் தானாக வந்துவிட்டது. ஐஸ் பெட்டி, மீன் வண்டில், கருவாட்டுப் பந்தல் எல்லாம் இழுபட்டு இறங்கின. கடைசி வரியை முடித்தேன். தாளை மடித்தேன். தலையைக் குனிந்து, பூசையில் வாசகத்தை முடிக்கிற மாதிரியே, "இது ஆண்டவரின் அருள்வாக்கு," என்றேன்.

"இறைவா உமக்கு நன்றி," என்றது மண்டபம் முழுக்க. ஒரு பெண்கூடத் தவறவில்லை.

அதிகாரி பதறி எழுந்து கைகூப்பிக்கொண்டு நின்றார். நாங்கள் இருக்கச் சொல்லுமட்டும் இருக்கவில்லை.

ஐஸ் பெட்டி கிடைத்தது. என் மானம்தான் போயிற்று. அதற்குப் பிறகு சங்கத்தில் நான் எதைச் சொல்லி முடித்தாலும் ஒருத்தி மூலையிலிருந்து "இறைவா உமக்கு நன்றி" என்பாள்.

கடைசிக் காற்றாடிக்கு நேரே

இதெல்லாம் சிரிக்கிற கதை. அந்தப் பின்னேரம் சிரிக்கிற கதை இல்லை.

அது மழைக்காலம். காலையில் வாடை மெல்லத்தான் அடித்தது. தாஸும் றெஜியும் போகும்போது கடல் தட்டையாக இருந்தது. வாடை தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையில் நிற்கிறவனுக்கு அலை தெரியாது, வெளியே போகப் போகத்தான் அதன் குணம் தெரியும். மத்தியானத்தோடு மழை கறுத்து, காற்று இரையத் தொடங்கியது. மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. இவர்கள் வரவில்லை.

கருவாட்டை அள்ளிப் படங்குத் துணியால் மூடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. றெஜி.

"அக்கா, எஞ்சின் நிண்டிட்டுது. நங்கூரம் போட்டு நிக்கிறம். கடைசிக் காற்றாடி எங்களுக்கு நேரே தெரியுது. கயிறு பழசு அக்கா, கனநேரம் தாங்காது. ஆரையும் கெதியா..."

அவ்வளவுதான். திருப்பி எடுத்தேன், போகவில்லை. கரையோரம் வரிசையாக நிற்கிற, மின்சாரம் எடுக்கும் பெரிய காற்றாடிகளைத்தான் இப்போது எங்கள் ஆட்கள் கடலில் குறியாகப் பார்ப்பார்கள். கடைசிக் காற்றாடி என்றால் ஊருக்கு மேற்கே, கொஞ்சம் வெளியே. இடம் தெரிந்துவிட்டது. போகத்தான் ஆள் வேண்டும்.

கரைக்கு ஓடினேன். மழைக்கு எல்லாரும் வீடுகளுக்குள் போய்விட்டார்கள். நாலைந்து பேர்தான் நின்றார்கள். சொன்னவுடன் ஒரு வள்ளத்தைத் தள்ளத் தொடங்கினார்கள். ஆனால் அதில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"இது சின்ன எஞ்சின், பிள்ளை. போறது போகலாம். இந்தக் காத்துக்கு எதிரா இன்னொரு வள்ளத்தை இழுத்துக்கொண்டு வரேலாது. பேதுருவின்ர வள்ளம் போகவேணும். அதைத் தள்ள ஆளும் காணாது."

பேதுரு. அந்த ஆளைத்தானா கேட்க வேண்டும்?

போன சோளகக் காற்றுக் காலத்தில் பேதுரு அண்ணையின் எஞ்சின் தாஸின் வலையை அறுத்துவிட்டது. வழியில் வலை போட்டால் அறுபடும்தான் என்றார் அவர். கண் தெரியாதவன் ஏன் கடலுக்கு வருகிறான் என்றார் இவர். அன்றிலிருந்து பேச்சில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில்கூட இவர் ஒரு பக்கம் திரும்புவார், அவர் மற்றப் பக்கம் திரும்புவார். அவருக்குப் போன் எடுத்துப் பார்த்தார்கள். எடுக்கவில்லை.

நேவிக்கும் அறிவித்தாயிற்று. வருகிறோம் என்றார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் கயிறு இருக்குமா என்பதுதான் கேள்வி.

"கோயில் மைக்கில சொல்லுங்கோ. எல்லாரையும் கரைக்கு வரச்சொல்லுங்கோ," என்று கரையிலிருந்து சத்தம் போட்டார்கள். கோயிலுக்கு ஓடினேன். பாதர் வேறு கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார். சந்தியோகு அண்ணை திறப்போடு ஓடி வந்தார். மைக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். வாசிக்கிற ஆள் நான்தானே.

கையில் தாள் இல்லை.

மிகுந்த மனவருத்தத்துடன்

இப்போது நான் மைக்கோடு நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டோம்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. காதுக்குள் கூவென்று இரைந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. "சொல்லுங்கோ, சொல்லுங்கோ," என்கிறார் சந்தியோகு அண்ணை. யன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்குகிறது. மதிப்புக்குரிய நடுவர் அவர்களே என்று மனம் சொல்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் வந்தது.

அதை விழுங்கிவிட்டு, வாய்க்குப் பழகிய மற்றதைப் பிடித்தேன்.

"அன்பார்ந்த இறைமக்களே."

குரல் வந்துவிட்டது! எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் இழுத்துவிட்டேன். "நமது பங்கைச் சேர்ந்த மரியதாஸ் அவர்களும், றெஜினோல்ட் அவர்களும், இன்று மாலை கடலில் ஆபத்தில் சிக்கியுள்ளார்கள் என்பதை..." நான் நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு நிற்கவில்லை. "மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகின்றோம்."

இழுத்து, இறக்கி, இடைவெளி விட்டுத்தான் சொன்னேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

அந்தக் குரல் இறங்கின இடத்தில் சந்தியோகு அண்ணையின் கை மணிக்கயிற்றுக்குப் போயிற்று. அவரைக் குறை சொல்லி என்ன? எத்தனை வருசப் பழக்கம். ஒரு அடி. விட்டு, இன்னொரு அடி. இரண்டாவது அடிக்குத்தான் அவருக்கே விளங்கியது. கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஐயோ, என்ர மாதாவே," என்றார்.

மைக்கைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினேன். கோயில் வாசலில் நின்றால் கரை தெரியும். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, சிலுவை அடையாளம் போட்டார்கள். பிறகு பாதி தண்ணீரில் நின்ற வள்ளத்தைத் திரும்ப மேலே இழுத்தார்கள்.

ஒழுங்கைகளில் இருந்து பெண்கள் தலையை மூடிக்கொண்டு வந்தார்கள். ஊர் முழுக்க வந்தது. நான் கேட்ட ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், செத்தவீட்டுக்கு. "உடம்பு வந்திட்டுதோ?" என்று ஒருத்தி மற்றவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

மாமி செருப்பில்லாமல் ஓடி வந்தா. என் இரண்டு தோளையும் பிடித்து உலுப்பினா.

"என்ர பிள்ளையை நீயே சொல்லிப்போட்டியே! உன்ர வாயாலேயே சொல்லிப்போட்டியே!"

"இல்லை மாமி, இல்லை, அவர் இருக்கிறார்," என்றேன். மைக் கீழே தொங்கிய கையில் இருந்தது. அவவுக்குக் கேட்கவில்லை. அழுகைக்கும் காற்றுக்கும் நடுவில் யாருக்கும் கேட்கவில்லை. நான் அவரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கயிறு அறுந்து சாகிறதற்கு முதலே நான் கொன்றுவிட்டேன்.

தாள் இல்லாமல்

கோயில் கேற்றடியில் பேதுரு அண்ணை நின்றார்.

நனைந்த சாரம், கையில் தலைத்துணி. நித்திரையால் எழுந்து வந்த முகம். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அழுதுகொண்டிருந்தார். தாஸுக்காக அவர் அழுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள்! செத்தால் வந்து அழுகிற ஆள், சமாதானம் சொல்லச் சொன்னால் மற்றப் பக்கம் திரும்புவாராம். அந்தக் கோபத்தில் என் தொண்டை திறந்தது. மைக்கின் வயர் வாசல் வரைக்கும்தான் வந்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவரை மட்டும் பார்த்தேன்.

"பேதுரு அண்ணை! அழுறதை விடுங்கோ. ஒருத்தரும் சாகேல்லை."

ஒலிபெருக்கி கீச்சிட்டது. அவர் நிமிர்ந்தார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன். பயத்தில வாய் மாறிப்போச்சு. அவை உயிரோட நிக்கினம். கடைசிக் காற்றாடிக்கு நேரே, நங்கூரத்தில நிக்கினம். எஞ்சின் வேலை செய்யேல்லை. கயிறு அறப்போகுது. உங்கட எஞ்சின்தான் இழுக்கும், வேற ஒண்டும் இழுக்காது. அவரில உங்களுக்குக் கோவம் எண்டு தெரியும். எனக்கும்தான் கோவம்! கூட்டிக்கொண்டு வாங்கோ, வந்தாப்பிறகு நல்லா அடியுங்கோ, நான் பிடிச்சுத் தாறன். இப்ப வள்ளத்தை இறக்குங்கோ. மற்ற ஆம்பிளையள் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போய்த் தள்ளுங்கோ! செத்தவீடு இல்லை இது. தள்ளுங்கோ!"

சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. மைக்கின் சுவிட்சை நிறுத்தினேன்.

எல்லாரும் மணியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் மணி அடித்த பிறகு வள்ளம் இறங்கியதே இல்லை. பிறகு பேதுரு அண்ணை தலைத்துணியைத் தலையில் திரும்பக் கட்டினார். கட்டியதைப் பார்த்ததும் மற்றவர்களும் கட்டினார்கள். எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். பெண்களும் ஓடினோம். அழுதுகொண்டு வந்த அத்தனை பேரும் தோள் கொடுத்ததில் அந்தப் பெரிய வள்ளம் மண்ணில் நிற்காமல் போயிற்று.

எஞ்சின் பிடித்தது. மழைக்குள் போய் மறைந்தது.

காத்திருந்தது

அந்தக் காத்திருப்பை எழுத எனக்கு விருப்பமில்லை. மாமி செபமாலையை உருட்டினா. என்னோடு கதைக்கவில்லை. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிக் காற்றாடி மழைக்குள் தெரியும், பிறகு தெரியாது. எஞ்சின் சத்தம் என்று நினைப்பேன், காற்றாக இருக்கும். பயிற்சி தந்த தம்பியை அப்போது நினைத்தேன் என்றால் நம்புவீர்களா? பொன்மொழி சொல்லவில்லை, சிரித்த முகத்தோடு நிற்கவில்லை என்று நினைத்தேன். பைத்தியம் பிடிக்கிற நேரத்தில் மனம் இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்ளும்.

போன் எடுத்த அம்மாவுக்கு இதைத்தான் சொல்கிறேன். பயம் எனக்கு அன்றைக்குப் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. பேதுரு அண்ணையைப் பார்த்துக் கத்தினபோதும் கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முதல் தரம் நான் நல்ல பேச்சு ஒன்றைத் தேடினேன். இரண்டாம் தரம் ஒரு மனிதனிடம் ஒன்று கேட்டேன். இப்போது எந்த மேடையில் ஏறினாலும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுவேன். இந்த ஆளிடம் எனக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்பேன். அது தெரியாவிட்டால் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். பூசணிக்காயிடம் என்னத்தைக் கேட்பது?

மகளிடம் சொல்லுங்கள். காய்ச்சல் வரத்தான் செய்யும்.

பிளேன்ரீ

இருட்டுகிற நேரம் வந்தார்கள். பேதுரு அண்ணையின் வள்ளத்துக்குப் பின்னால் எங்கள் வள்ளம் இழுபட்டு வந்தது. பேதுரு அண்ணை தாஸைத் தோளில் தாங்கிக் கரையில் இறக்கினார்.

"பிடிச்சுத் தாறன் எண்டனீங்கள். ஆளைப் பாருங்கோ, அடிக்கிற மாதிரியோ இருக்கு?" என்றார். பிறகு தாஸின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். மாமி இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதா.

வீட்டில் தாஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். பிளேன்ரீ கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்ர அறிவித்தல் கேட்டுது."

எனக்குத் தலை குனிந்துபோயிற்று. காற்று தரையிலிருந்துதானே அடித்தது. சத்தம் கடலுக்குப் போகாமல் எங்கே போகும்?

"அன்பார்ந்த இறைமக்களே எண்டது மட்டும்தான் விளங்கினது. பிறகு மணி. ஆரோ மோசம் போயிட்டினம் எண்டு நானும் றெஜியும் சிலுவை போட்டு, ஒரு செபமும் சொன்னம்."

சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. தங்களுக்குத் தாங்களே செபம் சொல்லியிருக்கிறார்கள்! அவர் சிரிக்கவில்லை.

"செபம் முடிஞ்சாப்பிறகுதான் றெஜிக்கு விளங்கினது. 'அண்ணை, செத்தவீடு. இனி ஒரு வள்ளமும் இறங்காது. எங்களைத் தேடி ஒருத்தரும் வராயினம்' எண்டான். சட்டையைக் கழட்டிப்போட்டான். வெறும் மண்ணெண்ணெய்க் கானை நெஞ்சில கட்டிக்கொண்டு நீந்துவம் எண்டான். நானும் ஓம் எண்டனான். அந்தக் காத்துக்க நீந்திக் கரைக்கு வரேலாது எண்டு தெரியும். ஆனாலும் ஓம் எண்டனான். ஒரு காலை வள்ளத்துக்கு வெளியில போட்டிட்டன்."

தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப திரும்பவும் உன்ர குரல். ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனால் அது வாசகக் குரல் இல்லை. என்னோட சண்டை பிடிக்கேக்க வாற குரல். றெஜியைப் பிடிச்சு இழுத்தன். 'உள்ளுக்க இரடா. அவள் ஆரோடயோ கொழுவத் தொடங்கீட்டாள். இனி ஆரும் வராமல் இருக்கேலாது' எண்டன்."

கோப்பையை நீட்டினார். இன்னொரு பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குப் போனேன். சீனிப் போத்தலின் மூடியைத் திறக்க முடியவில்லை. போத்தலோடு திரும்பி வந்து, "இதைக் கொஞ்சம் திறந்து தாங்கோ," என்றேன்.